ஆமைத் தெரு

ஏரியைத் தூர்த்து, மனை பிரித்துக் கட்டிய பணக்கார நகர் அது. முட்டையிடத் தன் பழைய கரையைத் தேடி வந்த ஆமையை வாசலில் இருந்த இரும்புக் கேட் மறித்தது.

“எந்த வீட்டுக்கு?”

“வீடா? நான் பொறந்த இடம்யா இது!”

“உள்ளே அல்லித் தெரு, கொக்குத் தெரு, ஆமைத் தெருன்னு வரிசையா இருக்கு. எந்தத் தெரு, என்ன நம்பர்?”

ஆமைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எங்களை விரட்டிட்டு எங்க பேரையே தெருவுக்கு வச்சிருக்கீங்களே, வெட்கமா இல்ல?”

“குடியிருப்போர் சங்கத்து விதி. உன் பேரு இருக்கலாம், நீ இருக்கக் கூடாது.”

ஆமை அசையாமல் அங்கேயே கிடந்தது. அன்று பிடித்த மழை விடவில்லை. மூன்றாம் நாள் மேட்டிலிருந்து இறங்கிய வெள்ளம் வாசலில் வந்து முட்டியது.

கேட் விறைப்பாக அதையும் மறித்தது. “எந்த வீட்டுக்கு?”

“எல்லா வீட்டுக்கும்தான்,” என்றது வெள்ளம்.