சிவப்புக் கோடுகள்

அலையாத்திக் காட்டில் வண்டல் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க, என் மனைவி ஆதிரை பதினொரு மூச்சுவேர்களில் சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டாள். சேற்றுக்கு மேலே பென்சில்போல நின்று மரத்துக்குக் காற்று வாங்கும் வேர்கள் அவை. அந்த ஆண்டு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். அப்போதிருந்து வாரம் ஒருமுறை போய், கோட்டை மூட வரும் வண்டலைக் கையால் வழித்துவிடுகிறேன்.

இன்று அவள் தம்பி பரிதி படகோட்டி வந்தான்.

“என்ன மச்சான், வேருக்குச் சவரமா?” என்று சிரித்தான். குனிந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. “மத்த வேரெல்லாம் மண்ணு ஏற ஏற தானும் வளந்துருக்கு. இந்தப் பதினொண்ணு மட்டும் குட்டையா நிக்குது. நீங்க வழிச்சு வழிச்சே குழியாகி, அதுல தண்ணி வடியவே இல்ல. எப்படி மூச்சு விடும்?”

ஒன்றைத் தொட்டேன். தோல் கழன்று, சிவப்போடு விரலில் ஒட்டியது.

“மூடிரலாம் மச்சான். அக்கா இருந்தா அதைத்தான் சொல்லியிருக்கும்.”

பத்துக் குழிகளை மூடினோம். கோடுகள் மறைந்து, நுனிகள் மட்டும் வெளியே நின்றன. கடைசிக் குழிக்கு வந்தபோது, “இது இருக்கட்டும்” என்றேன்.

பரிதி சரி என்றான். கையிலிருந்த சேற்றைக் கீழே போடவில்லை.