ஒன்பதாவது கை

கவுன்சிலர் தொண்டையைச் செருமினாள். நகர்மன்றக் கூடம் அமைதியானது.

பார்வையாளர் வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த சாவிக்காரிக்கு வயிறு எரிந்தது. தான் செருமினால் தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்பார்கள்.

நாய் வளர்க்க உரிமம் கட்டாயம் என்ற விதி நிறைவேறியிருந்தது. குப்பைத் தொட்டியை முந்தின இரவே வாசலில் வைக்கக் கூடாது என்பதும் முடிந்துவிட்டது. அடுத்தது நடைபாதை. மேசை, நாற்காலி, இயந்திரம் எதையும் நடைபாதையில் போட்டுத் தொழில் செய்யக் கூடாது.

கொண்டுவந்தவள் கவுன்சிலர். குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வரும் தாய்மார்கள் சாலையில் இறங்கி நடக்கிறார்களாம்.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, நடைபாதையில், சாவிக்காரியின் மேசை இருக்கிறது. அதன்மேல் திருகி இறுக்கிய சாவி வெட்டும் இயந்திரம். கடை எடுக்க வசதி இருந்தால் அவள் ஏன் வெயிலில் உட்காரப் போகிறாள்? மேசை போனால் பிழைப்பு போயிற்று.

ஆனாலும் அவள் அப்போது மேசையை நினைக்கவில்லை. கவுன்சிலர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைப் பார்க்காமலே பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிதானம் கடையில் கிடைப்பதில்லை. தினமும் சாப்பாட்டு மேசையில் எதிரே ஒருவர் உட்கார்ந்து, நீ பேசு, நான் கேட்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"அப்படியே அவங்க அப்பா," என்றார் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். "அந்த மனுஷனும் இப்படித்தான். சிரிச்சுக்கிட்டே ஆளைச் சாய்ச்சிருவாரு."

இதை அவள் ஊரில் பலர் வாயால் கேட்டிருக்கிறாள். சாவிக்காகக் காத்து நிற்பவர்கள், எதிரே கவுன்சிலர் நடந்து போவதைப் பார்த்துச் சொல்வார்கள். அப்போதெல்லாம் அவள் கையில் அரம் வழுக்கும்.

கவுன்சிலர் தினமும் அந்த மேசையைத் தாண்டித்தான் போகிறாள். ஒரு நாளும் நின்றதில்லை. வீட்டுச் சாவி தொலைந்தபோதுகூட அடுத்த ஊருக்குப் போய் வெட்டிக்கொண்டு வந்தாளாம்.

"எண்ணிப் பாத்துட்டேன் சாவி," ஓட்டுநர் குனிந்து கிசுகிசுத்தார். "உன் பக்கம் நாலு கை, எதிர்ப்பக்கம் நாலு கை. ஒன்பதாவது கை அவங்களோடது. சமமா வந்தா தீர்மானம் விழுந்துரும். ஆனா கொண்டுவந்தவங்களே கையை இறக்குவாங்களா?"

"அப்புறம் எதுக்கு என்னை இழுத்துட்டு வந்தீங்க?"

"பேசத்தான். பேசிட்டுத் தோத்தா சோறாவது இறங்கும்."

தலைவர் அவளைக் கூப்பிட்டார்.

ஒலிவாங்கி உயரமானவர்களுக்காக வைத்தது. அவள் எக்கி நின்றாள். சொல்ல அவளிடம் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று மேசையைப் பற்றியது. மற்றதைச் சொன்னால் கவுன்சிலரால் இந்த ஊரில் இனி நிமிர்ந்து நடக்க முடியாது. இத்தனை வருஷமாக அதை நாக்குக்கு அடியில் வைத்திருந்தாள்.

"சாவி தொலைச்சவங்க பதறிப்போய்தான் வருவாங்க. சந்துக்குள்ள போய் உக்காந்தா என்னை எங்கன்னு தேடுவாங்க? ரோட்டுல இருந்தாத்தான் ஐயா கண்ணுல படுவேன்."

சொல்லிவிட்டுக் கவுன்சிலரைப் பார்த்தாள். கவுன்சிலரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு முன் அவள் இப்படிப் பார்த்ததில்லை.

இரண்டாவது விஷயம் வரவில்லை. பேச்சு நேரம் முடிந்த மணி அடித்தது. சாவிக்காரி திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

தலைவர் வழக்கமான விதியை மூச்சுவிடாமல் வாசித்தார். யாரும் காதில் வாங்கவில்லை. பாதிக்கப்படுவதாகப் பேசியவருக்கு நெருங்கிய உறவினர் எவரேனும் மன்றத்தில் இருந்தால் வாக்களிக்காமல் வெளியேற வேண்டும். வாசித்து முடித்த கையோடு, "ஆதரிக்கிறவங்க..." என்று ஆரம்பித்தார்.

கவுன்சிலர் எழுந்தாள்.

"கையைத் தூக்கினாப் போதும்மா, ஆளே எழுந்திரிக்க வேணாம்," என்றார் தலைவர். கூடம் சிரித்தது.

"நான் வெளியே போகணும், தலைவரே."

சிரிப்பு நடுவிலேயே நின்றது. தலைவர் தான் வாசித்த தாளையே மறுபடி எடுத்துப் பார்த்தார். "அப்படின்னா... என்ன உறவுன்னு எழுதணுமே."

"எழுதிக்குங்க. எங்க அப்பா பொண்ணு. என் தங்கச்சி."

குரல் நடுங்கவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டாள். யாருடைய முகத்தையும் பார்க்காமல், எல்லோருக்கும் தன் முகத்தைக் காட்டிக்கொண்டே நடந்து போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

இந்தப் பக்கம் நாலு கை. அந்தப் பக்கம் நாலு கை.

"விழுந்துருச்சு!" ஓட்டுநர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாவிக்காரி மூடிய கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எறிவதற்கென்று இத்தனை காலம் அவள் சேமித்த கல் அது. அதைத் தலை நிமிர்ந்து, சாதாரணமாக, தண்ணீர் குடிப்பதுபோலச் சொல்லலாம் என்று அவளுக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

மேசை பிழைத்துவிட்டது. வயிறு இன்னும் எரிந்தது.

அதையும் அக்காவே முதலில் சொல்லிவிட்டாள்.