படம் எடுத்தவர்

சிதம்பரத்துக் கண்காட்சியில் கண்ணாடிக்குள் விரித்து வைத்திருந்த அந்த எழுபத்தொன்றாம் வருடப் போர் ஆல்பத்தைச் சுற்றித்தான் கூட்டம். அதைக் கொண்டுவந்திருந்த அறிவழகன் மைக்கை விடவே இல்லை.

"எல்லாமே எங்கப்பா போர்முனையில எடுத்த போட்டோ. அவரு பேருல மியூசியத்துக்கே குடுக்கப்போறேன்!"

கைதட்டல் அடங்கும்வரை ஜான்சி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இந்த ஆளை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கத்தான் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

"இதுல உங்கப்பா யாரு சார்?" என்றாள் சிரித்துக்கொண்டே, ஒரு படத்தைக் காட்டி.

"நடுவுல நிக்கிறாரே, அவருதான். எல்லாப் படத்துலயும் இருப்பாரு!" அறிவழகனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்ப எடுத்தது யாரு?"

அறிவழகனின் கையிலிருந்த மைக் கீழே இறங்கியது.

அந்தப் படத்தின் அடியில், புல்தரைமேல் கேமராவோடு ஒரு நிழல் நீண்டு விழுந்திருந்தது. கண்ணாடிமேல் விரலை வைத்து ஜான்சி அதைக் காட்டினாள்.

"இது எங்கப்பா அந்தோணிசாமி. அந்தச் சண்டையில செத்துட்டாரு. அவரு பெட்டியைக் கொண்டாந்து குடுத்தப்ப, உள்ள ஒரு போட்டோகூட இல்லம்மான்னு எங்கம்மாகிட்ட சத்தியம் பண்ணாரு உங்கப்பா. அதையும் மைக்குல சொல்லுங்க சார்."