ஓரத்தில் ஒரு கை

“மோளுடெ அச்சனாணோ? கை மாற்றணம்,” என்றார் நடுவர் சௌதாமினி டீச்சர் மலையாளத்தில். பெண்ணின் அப்பாவா, கையை எடுங்கள் என்று அர்த்தம்.

மேசை ஓரத்தில் ஏந்தி நின்ற இரண்டு கைகளையும் செல்லையன் மெதுவாக இழுத்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது. மகள் விமலகுமாரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான போட்டி. விதி எளிதுதான். இயந்திரம் குறித்த நேரம் வரை மேசைமேல் தானாக ஓடவேண்டும், ஓரம் வந்தால் தானாகத் திரும்பவேண்டும். கயிறு கூடாது, ரிமோட் கூடாது. மேசையைச் சுற்றிப் போட்ட கோட்டைத் தாண்டி யாராவது கை நீட்டினால் தோல்வி.

முன்னால் ஓடியவை எல்லாம் தரையில் விழுந்து பல்லிளித்திருந்தன.

விமலகுமாரியின் இயந்திரத்துக்கு மூக்கில் இரண்டு சைக்கிள் கம்பிகள். அவை மேசையைத் தடவிக்கொண்டே போகும். மேசை தீர்ந்தால் கம்பி தொங்கும், சுவிட்ச் விழும், ஒரு சக்கரம் பின்னால் சுழலும். அவ்வளவுதான் சூட்சுமம். மோட்டார், அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டரைக் கொன்று எடுத்தது. உடைந்தால் வேறு இல்லை. ஜெயித்தால் திருவனந்தபுரம் வரை போகலாம்.

வீட்டில் ஓட்டிப் பார்த்த நாட்களிலும் அப்பா இப்படித்தான். சோற்றைப் பாதியில் விட்டு ஓடிவந்து மேசைக்குக் கீழே கை ஏந்துவார். அது தானே திரும்பும் என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாது.

அவள் எதையும் பிரித்துப் பார்க்காமல் விடுகிறவள் அல்ல. ரேடியோ, டார்ச், சுவர்க்கடிகாரம் எல்லாம் அவளிடம் மாட்டிக் குடலைக் காட்டியவைதான்.

அப்பாவை மட்டும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்குச் சட்டப்படி கிடைத்த பத்து சென்டில் வீடு கட்டத்தான் அவர் துபாய்க்குப் போனார். கட்டட வேலை. கூடவே போன பனச்சமூட்டு மோகனன் நெஞ்சுவலியில் செத்துப் பெட்டியில் திரும்பினார். பெட்டியோடு வந்த அப்பா மறுபடி போகவே இல்லை. வீடு ஜன்னல் மட்டத்தோடு நின்றுபோனது. ஏன் போகவில்லை என்று கேட்டால், அங்கே வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்பார். இங்கே பாறசாலையில் மட்டும் என்ன பனியா பெய்கிறது?

விமலகுமாரி சுவிட்சைப் போட்டாள்.

இயந்திரம் முனகிக்கொண்டு கிளம்பியது. நேராக ஓரத்துக்கே போனது. மூக்கு வெளியே நீண்டது. கம்பி தொங்கியது. ஒரு கணம், ஒன்றும் நடக்கவில்லை.



பிறகு ஒரு சக்கரம் பின்னால் சுழன்றது. இயந்திரம் சமர்த்தாகத் திரும்பி நடுமேசைக்கு வந்தது. கூட்டம் கைதட்டியது.

சந்தோஷத்தில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் கைதட்டவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம், வெறும் காற்றில், இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றார். விரல்கள் விரிந்திருந்தன. பார்வை இன்னும் அந்த ஓரத்திலேயே கிடந்தது.

“அப்பா, விழல்ல. பாத்தியளா?”

“மோகனனுக்கு நெஞ்சுவலி ஒண்ணும் இல்ல மக்கா,” என்றார் அவர். “சாரத்திலேந்து விழுந்ததாக்கும். நான் பக்கத்திலதான் நிண்ணேன். கையை நீட்டினேன். எட்டல்ல.”

 இத்தனை நாள் அந்தக் கைகளைப் பார்த்து வெட்கப்பட்டதற்கு அவளுக்கு இப்போது வெட்கமாக இருந்தது.

இயந்திரம் அடுத்த ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அப்பாவின் கைகள் அதன் பின்னாலேயே நகர்ந்தன. கால் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பின்வாங்கியது.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம்தான். அதுவரை விழாமல் ஓடினால் போதும், பரிசு அவளுக்கு.

விமலகுமாரி அப்பாவின் முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளினாள்.

“போய்ப் பிடியுங்கப்பா.”