சும்மா இருக்க ஒரு விசா

“என் பொண்டாட்டி அங்க வந்து வேலைக்குப் போகக் கூடாது. அப்படி ஒரு விசா இருக்கா மேடம்?”

விசா ஏஜென்ட் அம்மாவின் மூக்குக்கண்ணாடி தானாகவே மூக்கு நுனிக்கு இறங்கியது. அது அப்படி இறங்கினால் தூதரகமே நடுங்கும் என்று அந்தக் கட்டடத்து லிஃப்ட்காரர் சத்தியம் பண்ணுவார்.

எதிரே மூன்று பேர். கேட்டவன் வெளிநாட்டில் கிரேன் ஓட்டுகிறவன். பக்கத்தில் அவன் மனைவி, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. அவளுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அண்ணன்.

“ரெண்டு விசா இருக்கு. ஒண்ணுல புருஷனோட போய் இருந்து வேலையும் பாக்கலாம். இன்னொண்ணுல சும்மாதான் இருக்கணும். வேலை பாத்தா குத்தம்.”

“அந்த ரெண்டாவதே போதும் மேடம்.”

“ஏன் சார்? ஊரே நிலாவுல மனை வாங்கப் போகுது. நீங்க படிச்ச பொண்ணைக் கூட்டிட்டுப் போய் அடுப்படியில ஆணி அடிச்சு மாட்டப் போறீங்களா?”

கிரேன்காரன் தலையைச் சொறிந்தான். “இல்ல மேடம்... வேணாம்னுதான்...”

“நல்லாக் கேளுங்க மேடம்!” என்று அண்ணன் மேசையைத் தட்டினார். “மாப்பிள்ளை, என் தங்கச்சி கையில தொழில் இருக்கு. அதை முடக்க நீங்க யாரு? பொம்பளைன்னா என்ன கிள்ளுக்கீரையா?”

ஏஜென்ட் அம்மாவுக்கு மெய் சிலிர்த்தது. அண்ணன் என்றால் இவரல்லவா அண்ணன்!

“ஆம்பிளைங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியே உக்காருங்க” என்று விரட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“பயப்படாதேம்மா. நான் வேலை விசாவுக்கே போட்டுடறேன். அப்புறம் உன் வீட்டுக்காரர் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கட்டும்.”

“ஐயோ, வேணாம்க்கா! அவர் கேட்டதையே போடுங்க.”

“அடி அசடே...”

கதவு திறந்தது. அண்ணனின் தலை மட்டும் உள்ளே வந்தது.

“மேடம், வேலை விசாதானே? போன மறு வாரமே இவ வேலையில சேர்ந்துடணும். என் பையன் காலேஜு, தம்பிக்கு பைக்கு, மாடியில ரெண்டு ரூமு... எல்லாம் இவளை நம்பித்தான் ஆரம்பிச்சிருக்கேன்.”

“நீங்க என்ன வேலை பாக்கறீங்க சார்?”

“நானா? நான் குடும்பத்தைப் பாத்துக்கறேன்.”

தலை மறைந்தது.

“எங்க வீட்டுக்காரரை அப்படிக் கேக்கச் சொன்னதே நான்தான்க்கா” என்றாள் அவள் மெதுவாக. “அப்பா போனதிலேருந்து பகல்ல ஆஸ்பத்திரி, சாயங்காலம் லேப். எனக்கு வேலை பிடிக்கும். ஆனா ஒரு வருஷமாவது படுத்துத் தூங்கணும். முடியலைன்னு நான் சொன்னா அண்ணன் திமிருன்னுவார். கவர்மெண்டே கூடாதுன்னுட்டா யார்கிட்ட போய்ச் சண்டை போடுவார்? பின்னால வேலை விசாவுக்கு மாத்திக்கலாமில்ல?”

“தாராளமா மாத்திக்கலாம். அதுசரி, நான் அவ்வளவு பேசியும் உன் வீட்டுக்காரர் ஏம்மா விஷயத்தைச் சொல்லலை?”

“‘திட்டறவங்க என்னைத் திட்டிட்டுப் போகட்டும், நீ தூங்கு’ன்னுட்டார்க்கா.”

ஏஜென்ட் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இருவரையும் உள்ளே கூப்பிட்டாள். அண்ணனைப் பார்த்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள்.

“மன்னிக்கணும் சார். உங்க தங்கச்சிக்கு வேலை விசாவுக்கு வழியே இல்லை. எக்ஸ்ரே எடுக்கறவங்க அங்க குவிஞ்சு கிடக்காங்களாம். ஒரு எலும்புக்கு மூணு பேர் அடிச்சுக்கறாங்களாம்.”

அண்ணன் பல்லைக் கடித்தார். “எல்லாம் உங்க ராசி மாப்பிள்ளை! என் தங்கச்சி வாழ்க்கையே பாழாப் போச்சு!”

கிரேன்காரன் குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

வாழ்க்கை பாழாய்ப் போனவளோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, வாய் நிறைய ஒரு கொட்டாவி விட்டாள்.