கோடு விழுந்த படம்

கடலுக்குள் காற்றாலைகளைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் இன்னாசி, போனில் எப்போதும் மாப்பிள்ளைக் களையோடுதான் தெரிவான். முகத்தைத் துலக்கிக் காட்டாத போன் எங்கும் விற்கவில்லை. அவன் சவரம் செய்வதும் போனைப் பார்த்துத்தான். கரையிலிருந்து டாக்டர் அவனைப் பார்ப்பதும் போனில்தான்.

அவன் மனைவி ஜெசிந்தாவுக்கு அந்தக் களை அலுத்துவிட்டது. இருவரும் அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கினார்கள். முகத்தைத் துலக்காத பழைய கேமராவில் தன்னைப் படமெடுத்து, போன் தொடாதபடி முதல்முறையாக ரேடியோவில் அனுப்பினான் இன்னாசி.

"படம் சத்தமா மாறித்தான் வரும். லேப்டாப்ப ரேடியோ பக்கத்துல வச்சா, அது கேட்டுப் படமாக்கிரும். நீ வாய மூடிட்டு இரு. பேசுனா படத்துல கோடு விழும்."

ரேடியோ கீச்சிட, திரையில் படம் மேலிருந்து வரிவரியாக இறங்கியது. முதலில் அவனுக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவர் வந்தது. பிறகு முடி, நெற்றி, கண்கள். சுவர் வெள்ளையாகவே இருந்தது. கண்கள் மஞ்சளாக இருந்தன.

"ஐயோ மாதாவே" என்று தொடங்கியவள் படம் முடியும்வரை ஓயவில்லை. அன்றைக்கே படகு அனுப்ப வைத்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஈரல் போயிருக்கும்" என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

தேறி வீட்டுக்கு வந்த இன்னாசி, சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே முழுக்கக் கோடுகள்.

"எனக்கு வாயே இல்லையே, ஜெசி."

"அந்த எடத்துல இருக்கது என் வாயிங்க."

அவன் படத்தைக் கழற்றி, கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்து, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான்.