பட்டியலில் அடித்த பெயர்

காலை வெயில் கம்பி ஜன்னல் வழியாகக் காலரா வார்டின் ஈரத் தரையில் கிடக்கிறது. மொர்ஜினாவின் ரெக்ஸின் கட்டிலில் நடுவே வட்டமாக ஓட்டை, அதற்கு நேர் கீழே வாளி. நான் குந்தி உட்கார்ந்து வாளிக்குள் அளவுக்குச்சியை விட்டு எடுக்கிறேன். அரிசி களைந்த நீர்போல நான்கு லிட்டர். எழுதிக்கொள்கிறேன். இரண்டு கைகளிலும் சலைன் ஏறுகிறது. முகம் வற்றி, ஏழு மாத வயிறு மட்டும் மேடாக நிற்கிறது. ஓரகத்தி கொஹினூர் உப்புச்சர்க்கரை நீரைக் கரண்டியால் ஊட்டுகிறாள். அவளுக்கும் ஆறு மாதம்.

"ஆபா, காலரா தடுப்பு மருந்து குடுக்க எங்க வீட்டுக்கு வந்தது நீங்கதான?" என்கிறாள் கொஹினூர், இங்கே அக்காவைக் கூப்பிடும் சொல்லால். "நான்தான்." "எல்லாருக்கும் குடுத்தீங்க, இவளுக்கு மட்டும் இல்ல." மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு அது; கர்ப்பிணிகளைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. டாக்காவில் ஏசி அறையில் எழுதியது. பட்டியலில் மொர்ஜினாவின் பெயரை அடித்த பேனா என்னுடையது. "அப்ப எனக்கும் நாள் தள்ளியிருந்துச்சு. வெளிய சொன்னா கண்ணு படும்னு வாய மூடிட்டுக் குடிச்சேன். இந்த லூசு உண்மையச் சொல்லிச்சு" என்று மொர்ஜினாவைக் காட்டுகிறாள் கொஹினூர்.

மொர்ஜினாவின் உதடு அசைகிறது. "புள்ள இருக்கா பாருங்க ஆபா." மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதை அழுத்துகிறேன். மின்விசிறியின் கடகட. பக்கத்துக் கட்டிலில் யாரோ வாந்தியெடுக்கும் சத்தம். குழலை நகர்த்துகிறேன். அடியில், வேகமாக, விடாமல் ஒரு துடிப்பு. "இருக்கு" என்று சொல்லிப் பேனாவை எடுக்கிறேன். கொஹினூர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "எழுதாதீங்க ஆபா. எழுதினா இதையும் எதுலேர்ந்தாவது தள்ளிடுவீங்க."